அரை மீட்டர்

எங்கள் தீவின் கயாக் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர்.
அதில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை.
சின்ட்ரேயும் நானும்.
அவன் படகுக் கொட்டகைச் சுவர்
என் நிலத்தில் அரை மீட்டர் உள்ளே நிற்கிறது என்கிறேன்.
இல்லை என்கிறான்.
நான்கு வருடமாக நகராட்சிக்குக் கடிதங்கள்.
அஸ்லௌக் நடுவில் துடுப்பு வலிப்பாள்,
காற்றின் திசையை இந்தப் பக்கம் ஒருமுறை
அந்தப் பக்கம் ஒருமுறை சொன்னபடி.

செப்டம்பர். தண்ணீர் ஒன்பது டிகிரி.
கலங்கரை விளக்கம் தாண்டியதும்
நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே முட்டிக்கொண்டன.
திரும்பிப் பார்த்தேன்.
சின்ட்ரே இருந்த இடத்தில்
ஒரு மஞ்சள் படகின் அடிவயிறு.

மேலே வந்தான். ஏற முடியவில்லை.
வலது தோள் குழியை விட்டு இறங்கி
உடைக்குள் வேறு யாருடையதோ போலத் தொங்கியது.
"கையைத் தொடாதே" என்றான்.
நான்கு வருடத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

தொடாமல் எப்படி?
அவன் படகைப் பக்கவாட்டில் சாய்த்துக்
கடலை உள்ளே விட்டேன்.
ஆளைத் தூக்க முதலில் படகை நிரப்ப வேண்டும் என்று
குளிர்கால நீச்சல் குளத்தில் சொல்லித் தந்தபோது
நாங்கள் சிரித்திருக்கிறோம்.
கால்களை ஒவ்வொன்றாக உள்ளே திணித்து
மிதவைச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து
அலை தூக்கும் நேரம் பார்த்துப்
பின்னால் சாய்ந்தேன்.
முதல் முறை வரவில்லை.
இரண்டாம் முறை அவன் போட்ட சத்தத்தில்
பாறையிலிருந்த நீர்க்காகங்கள் கிளம்பிப் போயின.
மூன்றாம் முறை படகோடு சேர்ந்து நிமிர்ந்தான்,
இடுப்பளவு கடலில் உட்கார்ந்து.
பிறகு என் படகின் மேல் சரிந்தான்.
காலையில் குடித்த காபி முழுவதும்
என் முழங்கை மேல்.

அஸ்லௌக் வானொலியில் எங்கள் இடத்தைச் சொன்னாள்,
அவன் முனையில் கயிற்றைக் கொக்கியிட்டாள்,
இழுக்கத் தொடங்கினாள்.
எனக்கு ஒரே வேலை: விடாமல் இருப்பது.
அவன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி
அவன் மார்பை என் கைகளுக்குள் பூட்டிக்கொண்டேன்.
என் துடுப்பு கயிற்று நுனியில் பின்னால் இழுபட்டு வந்தது.
இரண்டு படகுக்கும் நடுவே
ஒரு தீக்குச்சி வைக்க இடமில்லை.

"தூங்காதே. உன் சுவர் எவ்வளவு நீளம்?"
"பதினொன்று நாற்பது." பற்கள் தந்தியடித்தன.
"கொட்டகை அகலம்?"
"நாலு."
"நாலில் அரை என்னுடையது."
"இல்லை."
சரி, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டேன்.
இல்லை. இல்லை.
அலை ஒன்று இருவர் முகத்திலும் அறைந்து போனது.
இல்லை.
என் விரல்கள் என்னுடையவை என்பதை
பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

பிறகு நடுக்கம் நின்றது.
"அரை என்னுடையது" என்றேன்.
"எடுத்துக்கொள்" என்றான்,
உதடு சரியாக மூடாமல்,
யாரிடமோ கையிலிருந்த ரொட்டியைக் கொடுப்பவன் போல.

அப்போதுதான் பயந்தேன்.
"அஸ்லௌக்! வேகமாக!" என்று கத்தினேன்.
என் மழைச்சட்டையை எப்படிக் கழற்றினேன்,
எந்தக் கையால், தெரியாது.
அவன் தலை மேல் போர்த்தி
உள்ளே என் மூச்சை ஊதினேன்.
"அப்படிச் சொல்லாதே, சின்ட்ரே.
மூன்று கடிதம் எழுதினாயே. நாலாவது யார் எழுதுவது?
இல்லை என்று சொல். சொல்லித் தொலை."

மீட்புப் படகு வந்தபோது
என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து உறை.
சின்ட்ரேயின் மறுப்பு மனு, நகல் எனக்கு.
சுவர் தன் நிலத்தில்தான் நிற்கிறதாம்,
பதினொன்று நாற்பதும்.
கீழே இடது கையால் போட்ட கையெழுத்து,
ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து.

இரண்டு முறை படித்தேன்.
அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு,
பதில் எழுதக் காகிதம் எடுத்தேன்.